நிறை குறைந்தும் காலைச் சீனி 106இல் நிற்கிறதே, ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 43, திருகோணமலை உப்புவெளி, கந்தோரில் கதிரையில் இருந்து செய்யும் வேலை, உயரம் 168 சென்ரிமீற்றர். போன வருடம் வெறும் வயிற்றுச் சீனி 118, ஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.2, நிறை 82 கிலோ. டொக்டர் "சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது" என்றிருக்கிறார். இரவுச் சோற்றையும் சீனியையும் விட்டு, கடற்கரையில் நடந்து, எட்டு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்துவிட்டீர்கள். இடுப்பு 103 சென்ரிமீற்றரில் இருந்து 94 ஆகியிருக்கிறது. ஏ1சி இப்போது 5.7. ஆனால் விடிய எழும்பி, வீட்டில் சீனி பார்க்கிற மெஷினில் குத்தினால் 104, 106, 109. "இவ்வளவு செய்தும் ஏன் நூறுக்குக் கீழே போகுதில்லை? இனிச் சோறு, புட்டு தொடக்கூடாதா? சீனிக்குத் தருகிற மெற்போமின் மாத்திரையைக் கேட்டு வாங்கவா? சனம் எல்லாம் முகம் வத்திப்போச்சு, என்ன வருத்தம் என்று கேட்குது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் சலரோகக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் சீனி கூடியவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே வழுக்குகிறார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டே காலம் போனது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் செய்து முடித்தது எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே விளங்கவில்லை. அமெரிக்காவில் நீரிழிவைத் தடுப்பது பற்றி நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உடல் நிறையில் 7 வீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது, இவைதான் அதில் வைத்த இலக்கு. அந்த வழியில் போனவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெற்போமின் குடித்தவர்களுக்கு 31 வீதம்தான். நீங்கள் 13 வீதத்துக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். அதே ஆய்வை மறுபடி அலசியபோது, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து ஏறக்குறைய 16 வீதம் இறங்குகிறது என்று கண்டார்கள். 2012இல் இன்னொன்றும் வந்தது: இடையில் ஒரு தடவையாவது சீனி சாதாரண அளவுக்கு வந்துபோனவர்களுக்கு, ஒரு தடவையும் வராதவர்களைவிட பின்னாளில் நீரிழிவு வருவது 56 வீதம் குறைவு. அதாவது நீங்கள் கீழே இறக்கி வைத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் ஏறுகிறது.

ஆகவே 106 ஏன் 99 ஆகவில்லை என்பது இரண்டாவது கேள்வி. அந்த 11 கிலோ திரும்பி வராமல் எப்படி இருப்பது என்பதுதான் முதற் கேள்வி. அதை நீங்கள் கேட்கவேயில்லை. கிளினிக்கிலும் அதை யாரும் கேட்பதில்லை. நிறை குறைந்த சந்தோஷத்தில் வராமலே விட்டுவிடுவார்கள், இரண்டு வருடம் கழித்துப் பழைய நிறையோடும் புதுச் சீனியோடும் வருவார்கள்.

என்றாலும் உங்களுக்கு நித்திரை கெடுக்கிறது காலை நம்பர்தான் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

இரவு முழுக்க நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. பிறகு காலையில் அந்தச் சீனி எங்கிருந்து வருகிறது? ஈரலில் இருந்து. விடியப்புறம் மூன்று நான்கு மணியளவில் கோர்ட்டிசோல், வளர்ச்சி ஹோர்மோன் போன்றவை கூடும். அவை ஈரலிடம் "ஆள் எழும்பப் போகிறார், சீனியை வெளியே விடு" என்று சொல்லும். ஆள் எழும்ப முன்னமே கடையைத் திறந்து சாமானை வெளியே அடுக்கிவிடுகிற முதலாளி மாதிரி ஈரல். எல்லாருக்கும் இது நடக்கும். இன்சுலின் உடனே வந்து அடக்கிவிடும். ஈரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு அந்த அடக்கம் கொஞ்சம் பிந்தும். நிறை குறையும்போது ஈரல் கொழுப்பும் குறையும்தான், ஆனால் காலைச் சீனி பிந்தித்தான் பின்தொடரும். அநேகம் பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனியும் ஏ1சியும் முதலில் இறங்கும், காலைச் சீனிதான் அடம்பிடிக்கும். சிலருக்கு அது 102, 105 என்றே வருடக்கணக்காக நிற்கும், மேலே போகாமல்.

அடுத்தது, அந்தக் கோடே எல்லா இடத்திலும் ஒரே கோடு இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்றில் 100ஐத் தொட்டாலே நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 110இல்தான் கோடு போடுகிறது. உங்கள் 106 ஒரு கணக்கில் உள்ளே, மற்றக் கணக்கில் வெளியே. வீட்டு மெஷினின் லட்சணத்தையும் பாருங்கள். அந்த மெஷின்களுக்கான சர்வதேசத் தர விதி, 100க்கு மேலான அளவுகளில் ஆய்வுகூட அளவோடு 15 வீதம் முன்பின் இருந்தாலும் சரி என்கிறது. அதாவது உங்கள் 106, ஆய்வுகூடத்தில் 96 ஆகவும் இருக்கலாம், 115 ஆகவும் இருக்கலாம். இன்று 104, நாளைக்கு 109 என்றால் சீனி கூடிவிட்டது என்று அர்த்தமே இல்லை. விரலில் தோடம்பழச் சாறு ஒட்டியிருந்தால் 140கூடக் காட்டும்; கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வடிவாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். நாளாந்தம் குத்தத் தேவையும் இல்லை. ஸ்ரிப் விற்கிற விலைக்கு அந்தக் காசில் மீன் வாங்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுகிற இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சோறு இல்லைத்தான், ஆனால் கடலையும் முட்டையும் பிறகு ஒரு கப் பாலும் என்றால் அதுவும் சாப்பாடுதான். ஏழரை, எட்டுக்குள் முடித்துப் பாருங்கள். இரண்டு, நித்திரை. பன்னிரண்டு மணி வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு நடக்க எழும்புகிறவருக்குக் காலைச் சீனி கூடித்தான் இருக்கும். நித்திரை குறைந்தால் இன்சுலின் வேலை செய்வதும் குறையும். உடம்பு பெருத்த காலத்தில் குறட்டை பலமாக இருந்ததா, இப்போதும் இருக்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். இருந்தால் டொக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

மாச்சத்தை (சோறு, மா, கிழங்கில் இருப்பது) கடுமையாகக் குறைத்தவர்களுக்கு இன்னொரு விஷயம். உடம்பு கொழுப்பை எரித்துப் பழகிவிட்டால், வெறும் வயிற்றுச் சீனி கொஞ்சம் கூடித் தெரிவது உண்டு. அந்த நிலையில் திடீரென்று போய் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்தால் முடிவு பொய்யாகக் கூடிக் காட்டும். அதனால் அந்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் வழமையான சாப்பாடு, நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாத மாச்சத்து, சாப்பிட வேண்டும் என்பது விதி. அநேக இடங்களில் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

காலை நம்பருக்கு இது போதும்.

இனி முகம் வத்திப்போன கதை. சனம் கேட்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், எங்கள் ஊரில் வயிறு இருந்தால்தான் வசதி என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. நிறை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. பொதுவாகக் குறைந்ததில் கால்வாசி அளவு தசை போன்ற கொழுப்பில்லாத பகுதி. உங்கள் 11 கிலோவில் இரண்டு மூன்று கிலோ அப்படிப் போயிருக்கும். சாப்பிட்ட சீனியை எடுத்து வைத்துக்கொள்கிற முதன்மையான இடம் தசைதான். அது சுருங்கினால், அதே ஒரு கப் சோற்றுக்கு முன்னையதைவிடச் சீனி கூட ஏறும். நிறை திரும்பி வரும்போதோ தசை வருவதில்லை, கொழுப்புத்தான் முதலில் வரும். ஏற்றி இறக்கி விளையாடுகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் நட்டப்படுவது இதனால்தான்.

எங்கள் தெற்காசிய உடம்புக்கு இது இன்னும் முக்கியம். வெள்ளைக்காரருக்கு உடல் நிறைச் சுட்டி (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 25 வரை சரி என்றால், எங்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. உங்கள் உயரத்துக்கு 23 என்பது 65 கிலோ. அப்படியானால் இன்னும் ஆறு கிலோ குறைக்கவா என்று உடனே ஓடாதீர்கள். ஆம்பிளைகளுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றருக்குக் கீழே என்பதுதான் எங்களுக்குச் சொல்கிற அளவு, நீங்கள் 94இல் நிற்கிறீர்கள். இனித் தராசைவிட அந்த நாடாதான் உங்களுக்கு வேலை. நிறை 71இலேயே நின்று இடுப்பு 90க்கு வந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை. சென்னையில் இந்தியர்களிடம் நடந்த தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. அதில் உணவும் உடற்பயிற்சியும் மாற்றியவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவேயில்லை. என்றாலும் நீரிழிவு வருவது 28.5 வீதம் குறைந்தது. நிறை ஒரு வழி, ஒரே வழி இல்லை.

தசைக்கு இரண்டு வேண்டும்: புரதமும் வேலையும். உங்கள் நிறைக்கு நாளுக்கு 70 முதல் 85 கிராம் புரதம் என்று வையுங்கள், சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் இல்லாவிட்டால். திருகோணமலையில் இருந்துகொண்டு புரதத்துக்கு வழியில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கறிக்கு எடுக்கிற மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. சூரை, கும்பளா, பாரை, சாளை, கீரி எதுவென்றாலும் சரி. விலை கூடிய மீனுக்குத் தனிச் சக்தி ஒன்றும் இல்லை, சாளையில் நல்ல கொழுப்பும் சேர்ந்து வருகிறது. ஆனால் எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் ருசிக்கு ஒரு துண்டு மீன். அந்தத் துண்டில் பத்துக் கிராம் இருந்தால் பெரிய விஷயம். இரண்டு மூன்று துண்டு போடுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் மச்சம் இல்லாத வீடென்றால் பருப்பு, கடலை, பயறு, கௌபி, தயிர், சோயா என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். இல்லாவிட்டால் விரத நாள் வெறும் சோற்று நாளாகிவிடும். கருவாடும் நெத்தலியும் புரதம்தான், ஆனால் உப்பு. பிரஷர் உள்ளவர்கள் கவனம்.

வேலை என்றால் ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பின வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம், மூச்சு வாங்கும் அளவுக்கு. கடற்கரை நடை நல்லது, ஆனால் நடை மட்டும் தசையைக் கட்டாது. கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறுகிற ஏற்றம் இருக்கிறதே, அதை நிற்காமல் ஏறுவது தட்டையான மணலில் நடப்பதைவிடத் தொடைக்கு நல்ல வேலை. மான்களுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டு நின்றால் கணக்கில் வராது.

இப்போது சோறும் புட்டும்.

"இனிச் சோறு தொடமாட்டேன்" என்று சபதம் எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கலியாண வீடு, ஒரு திருவிழா, மாமியார் கையால் ஒரு பொங்கல், அதோடு சபதம் உடையும். உடைந்ததும் "இனி என்ன" என்று பழையபடி குவிப்பார்கள். தம்பலகாமத்து வயல் நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த ஆளுக்குச் சாகும்வரை சோறில்லாத சாப்பாடு என்பது நடைமுறைக்கு வராது. பத்து வருடம் கழித்தும் சலிக்காமல் சாப்பிடக்கூடிய ஒரு கோப்பையைத்தான் நீங்கள் இப்போது கண்டுபிடிக்க வேண்டும்.

சோற்றில் கணக்கு லேசு. அவித்த சோறு 100 கிராமில் 28 கிராம் அளவு மாச்சத்து. மட்டமாக ஒரு தேத்தண்ணிக் கப் சோறு 150 கிராம் வரும், 40 கிராமுக்குக் கொஞ்சம் கூட மாச்சத்து. எங்கள் ஆட்கள் மத்தியானம் குவித்துப் போடுகிற கோப்பையில் மூன்று கப் கிடக்கும். அதுதான் பிரச்சினை, அரிசியின் நிறம் இல்லை. சிவப்பரிசியில் நார் கொஞ்சம் கூட, புழுங்கல் அரிசிச் சோறு பச்சையரிசிச் சோற்றைவிட மெதுவாகச் சமிக்கும். இரண்டும் நல்ல தெரிவுதான். ஆனால் "சிவப்பரிசிதானே" என்று மூன்று கப் சாப்பிட்டால் வெள்ளையரிசி ஒன்றரைக் கப் சாப்பிட்டவர் உங்களைவிடப் புத்திசாலி. மத்தியானம் ஒரு கப், கூடினால் ஒன்றரை என்று தொடங்குங்கள். முதலில் கோப்பையில் பாதியை மரக்கறியால் நிரப்புங்கள்: வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பாவற்காய், பயிற்றங்காய், புடலங்காய், கத்தரிக்காய். உருளைக்கிழங்குக் கறியும் மரவள்ளிக்கிழங்கும் இந்தக் கணக்கில் மரக்கறி இல்லை, அவை சோற்றின் சகோதரங்கள். பிறகு கால்வாசி மீன். மிச்ச இடத்துக்குச் சோறு. வழமையாக நாங்கள் செய்வது நேர்எதிர்: சோற்றைப் போட்டுவிட்டு மிச்ச இடம் தேடுவது.

சாப்பிடுகிற ஒழுங்கையும் மாற்றிப் பாருங்கள். மரக்கறியையும் கோழி இறைச்சியையும் முதலில் சாப்பிட்டு, பாண் போன்ற மாச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டவர்களுக்குச் சீனி ஏற்றம் தெளிவாகக் குறைந்தது என்று நியூயோர்க்கில் ஒரு சிறிய ஆய்வு 2015இல் காட்டியது. குழைத்துச் சாப்பிடுகிற எங்களுக்கு முழுதாக இது சரிவராது. வறையில் பாதியையும் ஒரு துண்டு மீனையும் சோறு குழைக்க முன்னம் சாப்பிட்டுவிடுங்கள், அது போதும்.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வந்தால் நான் புட்டின் பக்கம். இடியப்பம் லேசாக உள்ளே போகும், சொதியில் நனைந்தால் எட்டு பத்து என்று எண்ணாமலே போய்விடும். புட்டில் தேங்காய்ப்பூ சேர்கிறது, மென்று விழுங்க வேண்டும், வயிறும் நிறைந்த மாதிரி இருக்கும். சிவப்பரிசி மாவில், தேங்காய்ப்பூவைத் தாராளமாக விட்டு, ஒரு கப் அளவு. மீன் குழம்போ கடலைக் கறியோ, ஒரு வறையோ பக்கத்தில் இருக்க வேண்டும். வாழைப்பழமும் சீனியும் போட்டுக் குழைக்கிற புட்டு வேறு விஷயம், அது மாவும் சீனியும் பழமும் ஒரே வாய்க்குள். தேங்காயும் கணக்கில்லாத சாமான் இல்லை. சீனியை ஏற்றாது, ஆனால் நிறையை ஏற்றும். சம்பல், பால்கறி, சொதி மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம்.

கோதுமை மாவைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில்தான் பிறிமா ஆலை நிற்கிறது, நாட்டுக்குத் தேவையான கோதுமை மாவில் பெரும்பங்கு அங்கே அரைபடுகிறது. அதற்காக எல்லாத்தையும் நாங்களே சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்றில்லை. காலையில் பாண், பத்து மணிக்கு பணிஸ், பின்னேரம் ரோல்ஸ், இரவு கொத்து ரொட்டி என்று நாள் முழுக்க மாவில் ஓடுகிற ஆட்களைத் தெரியும். உங்கள் கந்தோர் கன்ரீன் உங்களுக்குச் சோற்றைவிடப் பெரிய எதிரி.

குரக்கன் நல்ல தானியம், நாரும் கல்சியமும் உண்டு. ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் சட்டென்று சீனியாகும். ரொட்டியாகச் சுட்டு, ஒன்றோடு நிறுத்தினால் நல்லது. ஒடியலும் இப்படித்தான், ஒடியல் கூழில் மீனும் நண்டும் இறாலும் கீரையும் தாராளமாகவும் மா குறைவாகவும் இருந்தால் அதைவிட நல்ல இரவுச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

பனங்கட்டி சீனி இல்லையே என்று கேட்காத ஆள் இல்லை. பனங்கட்டி, கித்துள் பாணி, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாம் உடம்புக்குள் போனால் சீனிதான். மூதூர், கிண்ணியா எருமைத் தயிரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், பாணியைத்தான் ஊற்றக்கூடாது. தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி 4 கிராம். மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கப் என்றால் 60 கிராம் வரும், பலருக்கு அதை நிறுத்தினதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நீங்கள் அதை ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள். போகிற வீடுகளில் "ஒரு கரண்டிதானே" என்று ஊற்றித் தருவார்கள். வெறும் பிளேன்ரீ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். பழங்களைப் பழமாகச் சாப்பிடுங்கள்: ஒரு கொய்யா, ஒரு துண்டு பப்பாசி, ஒரு சின்னக் கதலி. மாம்பழக் காலத்தில் ஒரு பழத்தில் பாதி, சோற்றோடு சேர்க்காமல். யூசாகக் குடிக்க வேண்டாம். போத்தல் பானங்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்தால், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். 2016இல் இருந்து நாட்டில் அந்த விதி இருக்கிறது.

சீனியைக் குறைக்கும் என்று சனம் சொல்கிற பாவற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், தெபு இலை பற்றியும் கேட்பீர்கள். கறியாகச் சாப்பிடுங்கள், நல்ல மரக்கறி. வெறும் வயிற்றில் சாறு குடித்துவிட்டுப் பகல் மூன்று கப் சோறு சாப்பிடுவதுதான் பிழை.

சாப்பிட்ட பிறகு நடப்பது, தனியாகக் காலையில் நடப்பதைவிட உங்களுக்கு இப்போது கூடப் பலன் தரும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகும்போதுதான் சீனி உச்சிக்குப் போகும். அந்த நேரத்தில் தசை வேலை செய்தால் இன்சுலினைப் பெரிதாகக் கேட்காமலே சீனியை எடுத்துக்கொள்ளும். 10, 15 நிமிடம் போதும். மத்தியான வெயிலில் வெளியே போகச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். கந்தோர் விறாந்தையில் நடவுங்கள், மாடிப்படி இருந்தால் இரண்டு தரம் ஏறி இறங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்துறைமுக வீதியில் காற்று வாங்கிக்கொண்டு மனைவியோடு நடக்கலாம், அதற்கு ஒரு பயிற்சிப் பெயரும் வைக்கத் தேவையில்லை.

மெஷினை இனி இதற்குப் பாவியுங்கள். சந்தேகமான சாப்பாடு ஒன்றை எடுத்து, சாப்பிட முன் ஒரு தரம், முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தரம் குத்திப் பாருங்கள். 140க்குக் கீழே இருந்தால் அந்தச் சாப்பாடு அந்த அளவில் உங்களுக்குச் சரி. கூடினால் அளவைக் குறைத்து இன்னொரு நாள் பாருங்கள். ஒரே ஒன்றரைக் கப் சோறு ஒருவருக்கு 125, இன்னொருவருக்கு 165 காட்டும். யாரோ எழுதின பட்டியலைவிட உங்கள் விரல் சொல்வது உங்களுக்கு நிசம். முக்கியமான ஐந்தாறு சாப்பாட்டைச் சோதித்து முடிந்ததும் மெஷினை அலுமாரியில் வையுங்கள்.

நிறை திரும்பி வருவது பற்றி முதலில் சொன்னேன். இது மனவுறுதிப் பிரச்சினை மட்டும் இல்லை. நிறை குறைந்தவரின் பசி ஹோர்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழையபடி வரவில்லை, பசி கூடித்தான் இருந்தது என்று மெல்பேர்னில் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது. 71 கிலோ உடம்புக்கு 82 கிலோ உடம்பைவிடக் குறைவான சாப்பாடு போதும். அதற்கும் மேலே, உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். ஆகவே இப்போது பசிக்கிறது என்றால் நீங்கள் பலவீனமான ஆள் இல்லை. பசியைத் தாங்குவதைவிட, பசி எழும்பாத மாதிரிச் சாப்பிடுவது லேசு: காலையில் முட்டையோ கடலையோ பயறோ இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். கிழமைக்கு ஒரு தரம், ஒரே நாளில், ஒரே தராசில் நிறை பாருங்கள். 73 என்று காட்டினால் அன்றைக்கே பழைய இறுக்கத்துக்குத் திரும்புங்கள். இரண்டு கிலோவை இரண்டு மாதத்தில் இறக்கலாம். எட்டுக் கிலோ ஏறின பிறகு ஆருக்கும் மனம் வராது. ஆடி, தை, கோயில் திருவிழா, கலியாணச் சீசன் எல்லாம் வந்து போகும். அந்த நாளில் சாப்பிடுங்கள், அடுத்த நாளை அடுத்த நாளாக வையுங்கள்.

மெற்போமின் பற்றி: பொதுவாக இந்த நிலையில் அதை யோசிப்பது வெறும் வயிற்றுச் சீனி 110க்கு மேல், ஏ1சி 6க்கு மேல், உடம்பு நன்றாகப் பெருத்தவர்கள், அல்லது பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சீனி வந்த பெண்கள் என்றால்தான். உங்கள் இப்போதைய கணக்குக்கு எந்த டொக்டரும் அவசரப்படமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தீர்மானம் அவருடையது. மற்றவர் வீட்டு மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

ஏ1சியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம், நிலையானால் வருடத்துக்கு ஒரு தரம் பாருங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் பொய்யாகக் கூடிக் காட்டும், தலசீமியா போன்ற இரத்தக் கோளாறு உள்ள குடும்பம் என்றால் கணக்கே பிழைக்கும். அப்படியானால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூட்டு நோவுக்கோ இழுப்புக்கோ ஸ்ரிரொயிட் தந்தால் அந்த நாட்களில் சீனி ஏறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கொலஸ்ரரோல், பிரஷர், ஈரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் முயற்சிக்காமலே நிறை இன்னும் குறைந்துகொண்டே போனால், தாகம் கூடினால், இரவில் அடிக்கடி சலத்துக்கு எழும்பினால், காய்ச்சலோ இருமலோ விடாமல் இருந்தால், அதை "டயற்றின் பலன்" என்று எண்ணி இருக்காமல் அந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள்.

அப்பாவுக்குச் சீனி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் அண்ணனும் தங்கையும் சோதிக்க வேண்டும். நாடு முழுக்க 2005, 2006இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது, அதற்குப் பிறகு குறைந்திருக்க வழியில்லை. 35 வயது கடந்தவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரரில் காசில்லாமல் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு காலையில் போகச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கலாம், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால் இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.